வீட்டுக்கொரு சர்வர் வளர்ப்போம்

உலகத்தின் முதல் வெப் சர்வர் மீது ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ‘இந்த மெஷின் ஒரு சர்வர். இதை அணைக்கக் கூடாது!!’ என்று சிவப்பு மையில், இரண்டு ஆச்சரியக்குறி போட்டு, கையால் எழுதியது. எழுதியவர் டிம் பெர்னர்ஸ்-லீ. இடம் ஜெனீவா பக்கத்திலுள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடம், காலம் 1990-ன் கடைசி. பெட்டி, ஆப்பிளை விட்டு வெளியேறிய ஸ்டீவ் ஜாப்ஸ் ரோஷத்தோடு தனிக்கடை போட்டுச் செய்த நெக்ஸ்ட் கம்ப்யூட்டர்.

வரலாறு எழுதுகிறவர்கள் அந்தப் பெட்டியைக் கொண்டாடுவார்கள். எனக்கு அந்தச் சீட்டுதான் முக்கியமாகப் படுகிறது. அணுவின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்கிற இடத்தில், ராத்திரி கிளம்பும்போது ‘ஆளில்லாத ரூமில் எவன் இதைப் போட்டுவிட்டுப் போனது’ என்று முணுமுணுத்தபடி சுவிட்சைத் தட்டிவிட்டுப் போகிற பொறுப்பான மனிதர் ஒருவர் நடமாடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சீட்டுக்கு அவசியமே இல்லை. நம் ஊரில் அவருக்கு அப்பா என்று பெயர்.

வீட்டு இணைப்பில் சர்வர் நடத்தக் கிளம்பிய அத்தனை பேருக்கும் அந்த மனிதர்தான் முதல் எதிரி. இரண்டாவது எதிரி டெலிபோன் கம்பெனி. மூன்றாவது, யாராவது நிஜமாகவே வந்து அந்தத் தளத்தைப் பார்த்துவிடும் அபாயம்.

இணையத்தைக் கட்டியவர்கள் மனசில் கள்ளம் கிடையாது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு விலாசம். விலாசம் உள்ளவன் யாரிடமும் வாங்கலாம், யாருக்கும் கொடுக்கலாம். பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் பிரவுசரில் பக்கத்தைப் பார்க்கவும் முடியும், அதிலேயே திருத்தி எழுதவும் முடியும். எல்லோரும் படிப்பார்கள், எல்லோரும் எழுதுவார்கள் என்று அந்த மனிதர் உளமார நம்பினார். விஞ்ஞானிகளோடு மட்டும் பழகினால் இப்படித்தான் ஆகும்.

இலவச இணைப்பு கிடைத்தவர்கள் முதலில் மாணவர்கள். 1994-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ என்ற இருவர், ஆய்வேட்டை எழுதாமல் தள்ளிப்போட ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிடித்த வலைத்தளங்களைப் பட்டியல் போடுவது. ஆய்வேட்டைத் தள்ளிப்போட மனிதகுலம் கண்ட வழிகளில் இதைவிட லாபகரமானது எனக்குத் தெரிந்து இல்லை. அதுதான் யாஹூ ஆனது. பட்டியல் குடியிருந்தது யாங்கின் கம்ப்யூட்டரில், அதன் பெயர் அகெபோனோ. தேடும் வேலையைச் செய்தது ஃபைலோவின் கம்ப்யூட்டர், பெயர் கொனிஷிகி. இரண்டும் ஹவாயில் பிறந்து ஜப்பானில் கொடிகட்டிப் பறந்த சுமோ பயில்வான்களின் பெயர்கள். கொனிஷிகி 280 கிலோவைத் தாண்டியவர். பெயர் ராசி பலித்து, பயில்வான்கள் இருவரும் பல்கலைக்கழக நெட்வொர்க் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். 1995 தொடக்கத்தில் நெட்ஸ்கேப் பிரவுசர் கம்பெனியின் மார்க் ஆண்ட்ரீசன், ‘எங்கள் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று கூப்பிட்டுக்கொண்ட பிறகுதான் மற்ற மாணவர்களின் மெயில் ஒழுங்காகப் போய்வரத் தொடங்கியிருக்கும்.

ஒரு தடவை பட்டால் புத்தி வரும் என்பார்கள். ஸ்டான்ஃபோர்டுக்கு வரவில்லை. அடுத்து கூகுளோடு லாரி பேஜும் செர்கே பிரின்னும் வந்தார்கள். ஹார்ட் டிஸ்குகளை அடுக்கி வைக்கப் பெட்டி இல்லாததால் குழந்தைகள் விளையாடும் லெகோ கட்டைகளில் கூடு கட்டினார்கள். உலகத்தையே தேடப்போகிற எந்திரம் சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டைகளுக்குள் முனகிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழக இணைப்பு மறுபடி திணற, 1998 செப்டம்பரில் மென்லோ பார்க்கில் சூசன் வோஜ்சிட்ஸ்கி என்பவரின் வீட்டு கராஜுக்குக் குடிபோனார்கள்.

2003-ல் ஹார்வர்ட் விடுதி அறையில், பிற்பாடு ஃபேஸ்புக் தொடங்கிய மார்க் ஸக்கர்பெர்க் செய்தது இன்னும் துணிச்சல். தனி சர்வர்கூடக் கிடையாது, சொந்த லேப்டாப். சக மாணவ மாணவிகளின் படங்களை அனுமதி கேட்காமல் எடுத்துப்போட்டு, யார் அழகு என்று ஓட்டுப் போடச் சொன்ன ஃபேஸ்மாஷ் என்ற புண்ணிய காரியம். சில மணி நேரத்தில் 450 பேர் வந்து 22,000 ஓட்டுப் போட்டதில் லேப்டாப் மூச்சுத் திணறியது. கல்லூரி அவருடைய இணைப்பைப் பிடுங்கியது. ஒரு மனிதனின் வீட்டு சர்வரை நிர்வாகம் பிடுங்கியதில் எனக்கு முழுச் சம்மதம் உண்டு என்றால் இந்த ஒன்றில்தான். நிரந்தரமாகப் பிடுங்கியிருக்கலாம்.

இதெல்லாம் பணக்காரப் பல்கலைக்கழகத்துக் கதை. சாதாரணக் குடும்பஸ்தன் கையில் இருந்தது டெலிபோன் கம்பி. தாமிரத்தில் இரண்டு இழை, ‘ஹலோ’ சொல்வதற்காகப் புதைத்தது. அதில் பேச்சுக்குத் தேவை 4 கிலோஹெர்ட்ஸ்தான். மேலே ஏராளமான இடம் சும்மா கிடந்தது. எண்பதுகளின் பின்பாதியில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் ஜோசப் லெக்லைடர் என்ற பொறியாளர் ஒன்றைக் கவனித்தார். எக்ஸ்சேஞ்சில் நூற்றுக்கணக்கான இழைகள் ஒரே கட்டாக வந்து சேருவதால், ஒருவர் வீட்டு சிக்னல் அடுத்தவர் வீட்டுக் கம்பியில் போய் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு திசையிலும் சம வேகம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இந்தத் தொல்லை தீராது. இறங்கும் வழியை அகலமாக்கி, ஏறும் வழியை ஒடுக்கிவிட்டால் தீரும். அதுதான் ஏடிஎஸ்எல். 25 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரை நீங்கள் அனுப்ப. 138-லிருந்து 1,104 வரை அவர்கள் அனுப்ப. கிட்டத்தட்ட ஒன்பது பங்கு அவர்களுக்கு.

லெக்லைடர் மேல் குற்றமில்லை, அவர் போட்ட கணக்கு சரி. டெலிபோன் கம்பெனிகள் அதைக் கட்டிக்கொண்டதற்குக் காரணம் வேறு. கேபிள் டிவிக்காரனோடு மல்லுக்கட்ட, கம்பி வழியே வீட்டுக்கு சினிமா விற்க நினைத்தார்கள். வாடிக்கையாளர் சோஃபாவில் சாய்ந்து படம் பார்ப்பார். அவரிடமிருந்து மேலே போக என்ன இருக்கிறது? ‘அடுத்த படம்’ என்று ஒரு பட்டன் அமுக்கல். சினிமா வியாபாரம் அப்போது படுத்துவிட்டது, கம்பி மட்டும் தங்கிவிட்டது. எல்லோரும் எழுதுவார்கள் என்று பெர்னர்ஸ்-லீ நம்பிய வலை, யாரும் எழுதமாட்டார்கள் என்று முடிவு கட்டிய கம்பி வழியே வீடுகளுக்குள் நுழைந்தது.

அந்த ஒடுக்குச் சந்து வழியாகவும் சிலர் சர்வர் நடத்தினார்கள். பழைய பெட்டி, லினக்ஸ், இலவசமாகக் கிடைத்த அப்பாச்சி வெப் சர்வர். பொழுது ஓடிக்கொண்டிருந்தது. 2001 ஜூலையில் கோட் ரெட் வந்தது.

அது ஒரு புழு. மைக்ரோசாஃப்டின் வெப் சர்வரில் இருந்த ஒரு ஓட்டை வழியே நுழையும். ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூனிலேயே வெளியிட்டிருந்தது. அதை யார் போடுகிறார்கள்? கண்டுபிடித்த ஆராய்ச்சியாளர்கள் ராத்திரி முழுக்க அதே பெயருள்ள ஒரு குளிர்பானத்தைக் குடித்துக்கொண்டிருந்ததால் இந்தப் பெயர். ஜூலை 19 அன்று 14 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 3,59,000 கம்ப்யூட்டர்களுக்குள் குடியேறியது. இதில் ஏகப்பட்டவை வீடுகளிலும் சின்னக் கம்பெனிகளிலும் இருந்தவை. விண்டோஸை நிறுவும்போது வெப் சர்வரும் கூடவே வந்து உட்கார்ந்திருந்ததும், அது உலகத்தைப் பார்த்துக் கதவைத் திறந்து வைத்திருந்ததும் பல பேருக்குத் தெரியாது.

புழுவுக்கு ஒரு பஞ்சாங்கம் இருந்தது. மாதத்தில் 19-ஆம் தேதி வரை பரவ வேண்டும், 20 முதல் 27 வரை எல்லாம் சேர்ந்து அமெரிக்க வெள்ளை மாளிகையின் வலைத்தளத்தைத் தாக்க வேண்டும், அப்புறம் ஓய்வு. அரசாங்க ஊழியர்கூட இவ்வளவு ஒழுங்காக மாதத்தைப் பிரித்து வேலை செய்ய மாட்டார். எழுதியவர் செய்த ஒரே தப்பு, மாளிகையின் பெயருக்குப் பதில் ஐபி எண்ணைப் புழுவுக்குள் பதித்தது. உலகத்தின் பலத்த காவல் உள்ள வீட்டுக்காரர்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான். கதவிலக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். லட்சக்கணக்கான புழுக்கள் ஆளில்லாத வாசலில் வந்து நின்றன.

மாளிகை தப்பித்தது, மாட்டிக்கொண்டவர்கள் வேறு. அமெரிக்காவில் பல இணைய கம்பெனிகள் இதைச் சாக்காக வைத்து வீட்டு வாடிக்கையாளர்களுக்கு 80-ஆம் போர்ட்டையே அடைத்துவிட்டன. வெப் சர்வர் உலகத்தோடு பேசுகிற வாசல் அதுதான். தன்னிடம் சர்வர் இருப்பதே தெரியாதவர்கள் கெட்டதற்கு, தெரிந்து ஒழுங்காக நடத்தியவர்களுக்குத் தண்டனை. அந்த லினக்ஸ்காரர்களைப் புழு ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் லாகில், அதாவது வருகைப் பதிவேட்டில் மட்டும் ‘டிஃபால்ட் டாட் ஐடிஏ’ என்று தொடங்கி, பின்னால் என், என், என் என்று இருநூற்றுச் சொச்சம் எழுத்துகள் வரிசை கட்டிய விண்ணப்பம் வந்து விழுந்துகொண்டே இருந்தது. பல தளங்களுக்கு அதுவரை வந்த ஒரே கூட்டம் அது.

நம் ஊருக்கு வருவோம். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. டயல்-அப் காலம். இணைப்பில் இருக்கும்வரை வீட்டு போன் எங்கேஜ்ட். ‘உங்க வீட்டுக்கு லைனே கிடைக்கல’ என்று அத்தை நேரிலேயே கிளம்பி வந்துவிடுவார். அந்தக் கம்பியில் சர்வர் நடத்த நினைத்தவரின் மனநலம் பற்றிச் சந்தேகம் வந்திருக்கும். 2004-ல் மத்திய அரசு அகன்ற அலைவரிசைக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்து, நொடிக்கு 256 கிலோபிட் ஓடினாலே அது பிராட்பேண்ட் என்று அறிவித்தது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் வந்தது. இருபத்துநாலு மணி நேரமும் இணைப்பு, போனும் பேசலாம். தமிழ்நாட்டு வீட்டு சர்வரின் பொற்காலம் அங்கே தொடங்குகிறது. பொற்காலம் என்றால் குப்தர்கள் மாதிரி, பிற்பாடு எழுதியவர்கள் சொன்னால்தான் தெரியும்.

அந்த 256-ஐயும் முழுசாக மேலே ஏற்றக் கிடைத்தது என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு எம்பி போட்டோ வாசகரைப் போய்ச்சேர அரை நிமிடம் ஆகும். இரண்டு வாசகர் ஒன்றாக வந்தால் ஒரு நிமிடம். இதைவிடப் பெரிய கூத்து கணக்குவழக்கு. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு, ஏறுவதும் இறங்குவதும் சேர்த்தே எண்ணுவார்கள், தாண்டினால் எம்பிக்கு இவ்வளவு என்று பில். ஆக, உங்கள் தளத்தை ஒருவர் ரசித்துப் படித்தால் அதற்கு நீங்கள் காசு கட்ட வேண்டும். தன் எழுத்து பிரபலமாகிவிடக் கூடாதே என்று சாமி கும்பிட்ட எழுத்தாளர்கள் உலக இலக்கியத்தில் இவர்கள் மட்டும்தான். மாதம் 500 ரூபாய்த் திட்டத்தில் ஒரு சலுகை இருந்தது: ராத்திரி 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கு கிடையாது. அந்நேரம் அமெரிக்காவில் சாயங்காலம். எனவே தமிழனின் வீட்டு சர்வர், உள்ளூர்த் தமிழன் தூங்கும்போது கண்விழித்து, நியூஜெர்சித் தமிழனுக்குச் சேவை செய்தது. உள்ளூர்க்காரர் படிக்க ஆசைப்பட்டால் பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து குளித்துவிட்டு வரவேண்டியதுதான்.

கும்பகோணத்தில் என் நண்பன் ஒருவன் இப்படி ஒன்றை நடத்தினான். கோயில் படங்கள் போட்ட தளம். எல்லாம் கட்டி முடித்து, வெளியூர்த் தோழன் ஒருவனுக்கு போன் போட்டு முகவரி கொடுத்தான்.

“மாப்ள, யூசர்நேம், பாஸ்வேர்டு கேக்குதுடா.”

“அப்படி எதுவும் நான் வைக்கலயே. என்ன குடுத்த?”

“சும்மா அட்மின், அட்மின்னு குடுத்தேன். உள்ள போயிருச்சு.”

“கோயில் தெரியுதா?”

“கோயிலெல்லாம் இல்ல. ஏதேதோ நம்பரா இருக்கு. ரீபூட்னு ஒரு பட்டன் இருக்கு, அமுக்கிப் பாக்கட்டா?”

அமுக்கிவிட்டான். போன் பேச்சு தொடர்ந்தது. மேசைமேல் இருந்த மோடத்தின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அந்தக் கால மோடம்கள் பலவற்றில் நிர்வாகப் பக்கம் வெளியுலகத்துக்கே திறந்து கிடந்தது, அதுவும் அதே 80-ஆம் போர்ட்டில். சர்வரைத் தேடி வந்தவரை வழியிலேயே மறித்து மோடம் உட்கார வைத்துக்கொள்ளும். போர்ட்டை 8080-க்கு மாற்றி, வருகிறவரை சர்வர் பக்கம் திருப்பிவிட ஃபார்வர்டிங் போட்டு, மோடம் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் ஒரு வினோதம் பாக்கி இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து தன் வெளி முகவரியைத் தட்டினால் மோடம் திருப்பி அனுப்பத் தெரியாமல் முழிக்கும். உலகமே பார்க்கக்கூடிய தளத்தை அதன் சொந்தக்காரனால் மட்டும் பார்க்க முடியாது. பார்ப்பதற்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போய்க் காசு கொடுத்து உட்கார வேண்டும்.

இதற்கிடையே ஐபி எண். மோடம் அணைந்து எழுந்தால் புது எண். பழைய எண் திருச்சியிலோ தேனியிலோ யாருக்காவது போயிருக்கும்; கோயில் பார்க்க வந்த பக்தர்கள் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு மோடத்தைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். இந்த அவஸ்தைக்கு டைன்டிஎன்எஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி இலவசமாக வைத்தியம் செய்தது. எண் மாற மாற, பெயர்ப்பலகையைத் திருத்திக்கொண்டே இருக்கும். 2014 மே மாதம் இலவசத்தை நிறுத்தினார்கள். உலகமெங்கும் எத்தனையோ வீட்டு சர்வர்கள் அன்றைக்கு அநாதை ஆயின. துக்கம் விசாரிக்க யாரும் வரவில்லை, முகவரி தெரியாதே.

நண்பனின் அப்பாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. நூறு வாட் இழுக்கிற பெட்டி ராப்பகலாக ஓடினால் இரண்டு மாத மின்கணக்கில் 144 யூனிட் ஏறும். வெள்ளை அட்டையில் ரீடிங் எழுதிவிட்டு மின்வாரிய ஊழியர் படி இறங்குவதற்குள் விசாரணை ஆரம்பமாகிவிடும்.

“ஏண்டா, ராத்திரி இதை அணைச்சிட்டுப் படுத்தா என்ன?”

“அது சர்வர்ப்பா. அணைக்கக் கூடாது.”

“யாருக்கு சர்வர்?”

இந்தக் கேள்விக்கு நண்பன் லாகைத் திறந்து காட்டியிருக்கக் கூடாது. அதில் மூன்று பேர் இருந்தார்கள். கூகுளின் ரோபோ. பிரவுசிங் சென்டரிலிருந்து நண்பனே. மூன்றாமவர், டேட்டாபேஸ் நிர்வாகக் கதவான பிஹெச்பி-மைஅட்மின் எங்காவது திறந்து கிடக்கிறதா என்று தினமும் தவறாமல் வந்து தட்டிப்பார்க்கும் வெளிநாட்டுத் திருடர். விசுவாசமான வாசகர் என்றால் அவர்தான்.

2012-ல் அப்பாவுக்கு அந்தக் கவலையும் தீர்ந்தது. சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், சில நாள் பதினாறு மணி நேரம் மின்சாரம் கிடையாது. எக்ஸ்சேஞ்சில் பேட்டரியும் டீசலும் இருந்ததால் கம்பியில் உயிர் இருந்தது. வீட்டு மோடத்தில் இல்லை. யூபிஎஸ் கால் மணி நேரம் கத்திவிட்டு அடங்கும். தளம் மதியம் வரும், சாயங்காலம் போகும், நடுராத்திரி ஒரு மணி நேரம் எட்டிப்பார்க்கும்.

சர்வரைக் கடைசியாகக் கொன்றது மின்வெட்டு அல்ல, விலாசப் பஞ்சம். 1977-ல், இணையத்தைக் கட்டியவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃப் இணைய முகவரிக்கு 32 பிட் போதும் என்று முடிவு செய்தார். ஒரு சோதனைக்குத்தானே என்று நினைத்தார். மொத்தம் 429 கோடி எண்கள். ஆரம்ப காலத்தில் கேட்டவர்க்கெல்லாம் வாரிக் கொடுத்தார்கள். எம்ஐடிக்கு 1.67 கோடி. கார் செய்கிற ஃபோர்டுக்கு 1.67 கோடி, ஒவ்வொரு காருக்கும் ஸ்டெப்னிக்கும் தனித்தனி எண் கொடுக்க நினைத்தார்களோ என்னவோ. 2011 பிப்ரவரி 3 அன்று உலகக் கையிருப்பின் கடைசித் தொகுப்புகளையும் பங்கு போட்டு முடித்தார்கள். இந்தியாவும் சீனாவும் அப்போதுதான் தட்டை எடுத்துக்கொண்டு பந்திக்கு வந்திருந்தன.

கம்பெனிகள் என்ன செய்யும்? 2012 ஏப்ரலில் 100.64-லிருந்து தொடங்கும் ஒரு எண்வரிசையை ஒதுக்கி ஒரு ஏற்பாடு வந்தது. வாடிக்கையாளர்களுக்கு அந்த உள்எண்களைக் கொடுத்துவிட்டு, வெளியே ஒரே நிஜ எண்ணுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான குடும்பங்களை நிறுத்திவிடலாம். யூடியூப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. சர்வர்காரருக்கு வாசலே போயிற்று. வருகிற ஆள் யார் வீட்டைத் தட்டுவது? நண்பன் மோடத்தைத் திறந்து ஃபார்வர்டிங்கை எத்தனை முறை திருத்தினாலும் திருத்தப்பட வேண்டிய பெட்டி அவனுடையது இல்லை, அது கம்பெனிக்காரன் கட்டடத்தில் இருக்கிறது. வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டால், “சார், உங்களுக்கு ஃபேஸ்புக் ஓபன் ஆகுதா?” என்றார்கள். ஆகிறது என்றான். “அப்ப நெட் நல்லா இருக்கு சார்.” ஹார்வர்டில் இணைப்பைப் பிடுங்கியும் பிரயோஜனம் இல்லாமல் போனது அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்தது.

இப்போது நிலைமை பரவாயில்லை என்கிறார்கள். ஃபைபரில் ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் பல இடங்களில் சமம். விலாசப் பஞ்சமில்லாத புது முகவரி முறையான ஐபிவி6-ல் இந்தியா உலக வரிசையில் முன்னால் நிற்கிறது. கையிலிருக்கும் போனுக்குக்கூட நிஜ விலாசம் உண்டு, உள்ளே வருவோரைத்தான் பல கம்பெனிகள் விடுவதில்லை. உள்ளிருந்து வெளியே சுரங்கம் தோண்டி, ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் வாசலில் தலையை நீட்டும் வித்தை வந்துவிட்டது.

கடைசியாக நான் கேள்விப்பட்ட புகழ்பெற்ற வீட்டு சர்வர் ஸ்பெயினில், பார்சிலோனாவில் இருக்கிறது. லோ-டெக் மேகசின் என்ற பத்திரிகையை நடத்தும் கிரிஸ் டி டெக்கர் 2018-ல் அதைத் தன் வீட்டில் நிறுவினார். பால்கனியில் 50 வாட் சோலார் பலகை, ஒரு சின்ன பேட்டரி, ஓரிரு வாட்டில் ஓடும் கையளவு போர்டு, வீட்டு இணைப்பு. படங்களையெல்லாம் புள்ளிபுள்ளியாக நசுக்கிச் சுருக்கியிருக்கிறார். பேட்டரியில் எவ்வளவு பாக்கி என்பது பக்கத்தின் பின்னணியிலேயே தெரியும். வானம் மூடி, கரண்ட் தீர்ந்தால் தளம் காணாமல் போகும், அதை முன்கூட்டியே அறிவித்துவிட்டார். உலகமெங்கும் வடிவமைப்பாளர்கள் அதைப் பார்த்துச் சிலிர்த்தார்கள். எப்போதும் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நவீன ஆணவத்துக்கு எதிரான கலகம் என்று கட்டுரைகள் வந்தன.

நண்பனுக்கு அந்தச் சுட்டியை அனுப்பினேன். கரண்ட் போனால் போகும், படம் மங்கலாகத் தெரியும், எப்போது வரும் என்று ஆண்டவனுக்கே வெளிச்சம். இதைத்தான் 2012-ல் கும்பகோணத்தில் சோலார் பலகைச் செலவுகூட இல்லாமல் நடத்தினோம், அப்போது ஒரு பயல் கலகம் என்று சொல்லவில்லையே என்று பதில் போட்டிருந்தான். கீழே அவன் அப்பா கேட்கச் சொன்னதாக இன்னொரு வரி: அந்த பார்சிலோனாக்காரருக்கு ராத்திரி அணைக்கிற பழக்கம் உண்டா?